ரெண்டு ரேஸ்... நடுவுல ஏழு நாள்! - சைக்கிளோடு ஐரோப்பா போகிறவர்களுக்கு ஒரு பயணத் திட்டம்

"ஏங்க, முதல் சனிக்கிழமை ஒரு ரேஸ், அடுத்த சனிக்கிழமை இன்னொரு ரேஸ். சரி, நடுவுல இருக்கற நாள்ல என்ன பண்ணப் போறோம்?"

என் மனைவி இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. எந்த மேட்டில் எந்த கியர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை தண்ணீர், டயரில் எவ்வளவு காற்று... எல்லாவற்றுக்கும் எக்ஸெல் ஷீட் வைத்திருந்தேன். அந்த ஏழு நாளுக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை.

போய்விட்டு வந்த பிறகு சொல்கிறேன். அடுத்தடுத்து இரண்டு ரேஸ் ஓட்ட நினைப்பவர் முதலில் திட்டமிட வேண்டியது அந்த ஏழு நாளைத்தான். ரேஸ் நாளை ஏற்பாட்டாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். மற்ற நாள்களுக்கு நாம்தான் பொறுப்பு.

எந்த இரண்டு ரேஸ்?

ஒன்று பெல்ஜியத்தின் 'டூர் ஆஃப் ஃப்ளாண்டர்ஸ்'. 1913-ல் தொடங்கியது. மற்றொன்று பிரான்ஸின் 'பாரிஸ்-ரூபே'. 1896-லிருந்து நடக்கிறது. இரண்டும் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயங்கள். ஏப்ரல் மாதத்தில் பொதுவாக அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வரும். இரண்டுக்கும் முந்தைய நாள், அதே கல் பாவிய பாதைகளில் நம்மைப் போன்ற சாமானியர்களும் ஓட்டலாம். ஃப்ளாண்டர்ஸில் அதன் பெயர் 'வீ ரைட் ஃப்ளாண்டர்ஸ்', ரூபேயில் 'பாரிஸ்-ரூபே சேலஞ்ச்'. சாமானியர்கள் நாளில் பரிசுக் கோப்பை கிடையாது. முடித்தால் ஒரு பதக்கம், அவ்வளவுதான். ஆனால், சென்னையில் வார இறுதி தவறாமல் விடியற்காலையில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம்வரை மிதிக்கிற 47 வயதுக்காரனுக்கு அது போதாதா?

வாரக் கடைசியில் இரண்டு பந்தயங்கள், நடுவில் ஒரே வாரம், ஒரே விமானச் செலவு. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், தேதியை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். 2022-ல் பிரான்ஸ் அதிபர் தேர்தலின் முதல் சுற்று ஏப்ரல் 10-ல் வந்ததால், பாரிஸ்-ரூபே 17-ம் தேதிக்குத் தள்ளிப்போனது. ஃப்ளாண்டர்ஸ் 3-ம் தேதியிலேயே நடந்தது. ஒரு வார இடைவெளி இரண்டு வாரமாகிவிட்டது. 2020-ல் கொரோனாவால் ரூபே நடக்கவே இல்லை. தேதி உறுதியாகும்வரை ரத்து செய்ய முடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள்.

ஒரே ஊர், ஒரே வீடு

என் முதல் திட்டம் இதுதான்: நான்கு நாள் ஃப்ளாண்டர்ஸில் ஒரு ஹோட்டல், பிறகு சைக்கிளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு பிரான்ஸில் இன்னொரு ஹோட்டல். மனைவி வரைபடத்தைப் பார்த்தார். "ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு ஊரே இல்லையா?" என்றார்.

இருக்கிறது. கோர்ட்ரைக். பெல்ஜியத்தின் மேற்குப் பகுதியில் பிரான்ஸ் எல்லையை ஒட்டிய நகரம். ஃப்ளாண்டர்ஸ் பந்தயம் முடியும் அவுடனார்ட ஒரு பக்கம், ரூபே மறுபக்கம். இரண்டும் சுமார் 30 கிலோமீட்டருக்குள். இரண்டுக்கும் ரயில் உண்டு. தேசம்தான் வேறு; தூரம் தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குப் போவதுபோலத்தான்.

சமையலறையுடன் கூடிய சின்ன வீடு ஒன்றை 12 இரவுகளுக்கு எடுத்தோம். பதிவு செய்யும் முன் வீட்டுக்காரரிடம் கேட்டது மூன்றே கேள்விகள்: சைக்கிளை உள்ளே வைக்கலாமா, வாஷிங் மெஷின் இருக்கிறதா, லிஃப்ட் இருக்கிறதா? இரண்டு பெரிய பெட்டிகளோடு குறுகலான மரப்படியில் ஏறிப் பார்த்தவர்களுக்கு மூன்றாவது கேள்வியின் அருமை புரியும்.

ஒரே வீடு என்று முடிவானதும் விசா குழப்பமும் தீர்ந்தது. இரண்டு நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் சம நாள் என்றால், முதலில் நுழையும் நாடு. எங்களுக்கு எல்லா இரவும் பெல்ஜியத்தில்தான் என்பதால் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பந்தயப் பதிவுச் சான்றுகள் இரண்டையும் சேர்த்தே இணைத்தோம்.

காப்பீட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் விளையாட்டுப் போட்டியில் ஏற்படும் காயத்துக்குப் பணம் கிடைக்காது. 'சைக்கிள் நிகழ்ச்சியில் கலந்துகொள்கிறேன், இது பொருந்துமா?' என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் சில சைக்கிள் நிகழ்ச்சிகளுக்கு மருத்துவச் சான்று கேட்பதுண்டு. அந்த ஆண்டு விதிமுறையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

நீண்ட தூரத்தில் ஒரு சிக்கல்

இரண்டு நிகழ்ச்சிகளிலும் பல தூரங்கள் உண்டு. ஃப்ளாண்டர்ஸில் சுமார் 75-லிருந்து 240 கிலோமீட்டர்வரை. ரூபேயில் சுமார் 70, 145, 170.

இதில் மிக நீண்ட பாதைகள் இரண்டும் ஒரு ஊரில் தொடங்கி வேறு ஊரில் முடிபவை. ரூபேயின் 170 கி.மீ. பாதை தெற்கே புசின்யி என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அங்கே போய்ச்சேர இருட்டோடு பஸ் ஏற வேண்டும். அதற்கு இரண்டு மணிக்கே எழ வேண்டும். 145 கி.மீ. பாதையோ ரூபேயிலேயே தொடங்கி ரூபேயிலேயே முடியும். புகழ்பெற்ற ஆரன்பெர்க் காட்டுப் பாதையும் அதில் உண்டு.

25 கிலோமீட்டரை விட்டுக்கொடுத்தேன். இரண்டு மணி நேரத் தூக்கம் கிடைத்தது. ஃப்ளாண்டர்ஸிலும் அவுடனார்டவில் தொடங்கி அங்கேயே முடிகிற நடுத்தரப் பாதைதான். முதல் முறை போகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுவே: இரண்டு ரேஸிலும் கிளம்பும் இடமும் முடியும் இடமும் ஒன்றாக இருக்கட்டும்.

இரண்டு காலையும் ரயிலை நம்பவில்லை. முன்கூட்டியே பேசிவைத்த வேன் டாக்ஸியில் போனோம். திரும்பும்போது மட்டும் ரயில். பெல்ஜிய ரயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். எல்லை தாண்டும் ரயிலில் சைக்கிளை ஏற்றும் விதியையும் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். எல்லையில் சோதனைச்சாவடி இல்லைதான். ஆனாலும் பாஸ்போர்ட் ஜெர்சிப் பைக்குள் இருக்கட்டும்.

வராத பெட்டி

சைக்கிளைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? வாடகை என்றால் பெட்டித் தொல்லை இல்லை. ஆனால் பழகாத சீட்டில் ஒரு வாரத்தில் இரண்டு முறை, அதுவும் கல் பாதையில்... எனக்குத் துணிச்சல் வரவில்லை. கொண்டுபோனேன்.

சென்னையிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு விமானம் மாற வேண்டும். இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும்; பெட்டி தவறினால் யாரைக் கேட்பது என்ற பிரச்னை வராது. சில விமான நிறுவனங்கள் சைக்கிளைச் சாதாரண லக்கேஜ் எடைக்குள்ளேயே அனுமதிக்கின்றன. சில தனிக் கட்டணம் கேட்கின்றன. பெட்டியின் நீள, அகல, உயரத்துக்கும் வரம்பு உண்டு. பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரி எல்லாம் கைப்பையில்தான் போக வேண்டும். விலையுயர்ந்த சைக்கிள் என்றால், கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். திரும்பும்போது 'இது வெளிநாட்டில் வாங்கியதா?' என்ற கேள்விக்கு அந்தக் காகிதமே பதில்.

நான் வெள்ளிக்கிழமை போய் இறங்கினால் போதும் என்றிருந்தேன். லீவு மிச்சமாகுமே! "புதன்கிழமையே போயிடலாம். ஏதாவது ஒண்ணு நடக்காம இருக்காது" என்றார் மனைவி.

நடந்தது. புதன்கிழமை பிரஸ்ஸல்ஸில் பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றேவிட்டது. துணிப்பெட்டி வந்தது, சைக்கிள் வரவில்லை. பெட்டிக்குள் போட்டிருந்த டிராக்கர், அது இன்னும் விமானம் மாறிய ஊரிலேயே இருப்பதாக போனில் காட்டியது. விமான நிலையத்தைவிட்டு வெளியே வரும் முன்பே கவுன்டரில் புகார் பதிந்து, எண் வாங்கி, கோர்ட்ரைக் முகவரியைக் கொடுத்தோம். வியாழன் மாலை பெட்டி வீட்டு வாசலுக்கே வந்தது. பெட்டியைப் பிரித்து, சைக்கிளைப் பூட்டி, வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் ஓட்டியும் பார்த்தேன். நான் நினைத்தபடி வெள்ளிக்கிழமை வந்திருந்தால், ஒரு வருட உழைப்பில் பாதி அந்த பெல்ட்டிலேயே முடிந்திருக்கும்.

ஹெல்மெட், ஷூ, ஒரு செட் ஜெர்சி, மருந்து ஆகியவற்றை எப்போதும் கைப்பையில் வையுங்கள். சைக்கிளே வராவிட்டாலும் வாடகை சைக்கிளில் ஓட்டிவிடலாம்.

அந்த ஏழு நாள்

ஃப்ளாண்டர்ஸின் மேடுகள் சின்னவைதான். கோப்பன்பெர்க் 600 மீட்டர். செங்குத்தான இடத்தில் 22 சதவிகிதம். ஏலகிரியில் ஏறிப் பழகியவனுக்கு இது எம்மாத்திரம் என்று நினைத்தேன். ஈரக் கல்லில் பின்சக்கரம் வழுக்கியபோது இறங்கித் தள்ளினேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் தள்ளிக்கொண்டுதான் போனார்கள்.

கால்கள் தேறிவிட்டன. கைகள்தான் தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, விரல்கள் மரத்திருந்தன. என் பழைய திட்டப்படி அந்த வாரத்தில் சைக்கிளைக் கழற்றி, பெட்டியைக் கட்டி, ஊர் மாறி, மறுபடி பூட்ட வேண்டும். அந்தக் கைகளோடு!

அதற்குப் பதிலாக எங்கள் வாரம் இப்படிப் போனது: ஞாயிறு, தொழில்முறை வீரர்களின் பந்தயத்தைச் சாலையோரம் நின்று இலவசமாகப் பார்த்தோம். திங்கள், துணி துவைத்துத் தூங்கினோம். செவ்வாய், சைக்கிளைக் கடையில் கொடுத்துப் பார்த்தேன், அகலமான டயர் மாற்றினேன். புதன், ஆற்றோரம் ஒரு மணி நேர மெதுவான மிதி. வியாழன், ரயிலில் ஈப்பர்.

ஈப்பர், முதல் உலகப் போரில் அழிந்து மறுபடி கட்டப்பட்ட ஊர். அங்குள்ள 'மெனின் கேட்' வளைவில், உடல் கிடைக்காமல் போன 54,000-க்கும் அதிகமான வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அன்றைய இந்தியப் படையினரின் பெயர்களும் அவற்றில் உண்டு. 1928-லிருந்து தினமும் இரவு 8 மணிக்கு அங்கே அஞ்சலி எக்காளம் ஊதுகிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது மட்டும் தடைப்பட்டது. பாரிஸ்-ரூபேக்கு 'வடக்கின் நரகம்' என்று பெயர் வந்ததும் அந்தப் போரால்தான். 1919-ல் பந்தயப் பாதையைப் பார்க்கப் போனவர்கள், குண்டு விழுந்து கருகிய நிலத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. எக்காளம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் என் மனைவி அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டே நின்றார்.

சாப்பாடு

ஒரு எச்சரிக்கை. பெல்ஜியத்தின் புகழ்பெற்ற உருளை வறுவலைப் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். நம் ஊரிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, இறைச்சி ஊறுகாய், பச்சைக் கறிவேப்பிலை கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவற்றுக்குத் தடை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பல கடைகள் மூடியிருக்கும். ஈஸ்டரும் அதே வாரங்களில் வரலாம். சனிக்கிழமை ரேஸுக்கு வெள்ளிக்கிழமையே சாமான் வாங்கி வைத்துவிட வேண்டும்.

ஒரு பார்வையில்...

* 6 மாதம் முன்பே: இரண்டு பதிவும் கையில். ரத்து செய்யக்கூடிய வீடு. விசா விண்ணப்பத்துக்கான தயாரிப்பு.
* 3 மாதம் முன்பு: விமான நிறுவனத்திடம் சைக்கிளுக்கு எழுத்துபூர்வ ஒப்புதல். காப்பீடு.
* ஒரு மாதம் முன்பு: டாக்ஸி, சைக்கிள் கடை, வாடகை சைக்கிள் கடை ஆகியவற்றின் எண்கள்.
* ரேஸுக்கு 3 நாள் முன்பு: அங்கே இருக்க வேண்டும்.
* குளிர்: ஏப்ரல் காலையில் 5 டிகிரியும் சாதாரணம். மழைக் கோட்டும் முழுக் கையுறையும் அவசியம்.
* அவசர உதவி: இரண்டு நாடுகளிலும் 112.

இரண்டாவது சனிக்கிழமை பிற்பகல், ரூபே வெலோட்ரோமின் வழவழப்பான வளைவில் நுழைந்தேன். அன்று முழுக்கக் கல்லில் குலுங்கிய உடம்புக்கு அந்த சிமென்ட் தளம் பட்டுபோல இருந்தது. மனைவி முன்வரிசையில் நின்றிருந்தார். மதிய ரயிலில் தனியாகவே எல்லை தாண்டி வந்திருந்தார்.

தண்ணீர் பாட்டிலை வாங்கித் திறக்கப் பார்த்தேன். விரல் மடங்கவில்லை. அவரே திறந்து கொடுத்தார்.

"மெதுவாக் குடிங்க. அடுத்த ரயிலுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. சாதம் வெச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."