சேர்த்துக்கொண்டால் மட்டும் போதுமா?

"அதான் சேர்த்துக்கிட்டோமேம்மா... இன்னும் என்ன செய்யணும்ங்கிறீங்க?"

உடற்குறையோ அறிவு வளர்ச்சிக் குறையோ உள்ள குழந்தையை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மார்களில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டேன். என் இரண்டாவது பெண்ணுக்கு மூளை முடக்குவாதம். புத்தியில் ஒரு குறையும் கிடையாது. நடை தள்ளாடும்; பேச்சு கொஞ்சம் இழுக்கும்; அவள் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் போர்டை அழித்துவிடுவார்கள். ரிஜிஸ்டரில் பேர் இருந்தது, மத்தியானச் சாப்பாடு இருந்தது. பாடம்தான் இல்லை! மூன்றாம் வகுப்பு வரை கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

டீச்சரை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர். அவர் என்னதான் செய்வார்? ஆனால் அதற்காக என் பெண் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் வந்தது. அதன் 16-ஆவது பிரிவு, குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பதோடு நிற்கவில்லை. அவளுக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும், படிப்பில் எவ்வளவு முன்னேறினாள் என்று கவனித்து வர வேண்டும் என்கிறது. 17-ஆவது பிரிவில் பரீட்சைக்குக் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் என்றெல்லாம் இருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. "கார்டு வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். கார்டு அவசியம் வாங்குங்கள்; ஆனால் அது வரும்வரை சேர்க்க மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

வாயால் சொன்னதெல்லாம் வாசலோடு போயிற்று. அதனால் நானும், காது கேளாத ஒரு பையனின் அம்மாவும் சேர்ந்து மனு எழுதினோம். முன் வரிசையில் இடம், பரீட்சையில் சில பதில்களை வாயால் சொல்ல அனுமதி, சிறப்புப் பயிற்றுநர் வரும் நாள் எது என்ற விவரம், கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அவள் பையனுக்கு வேண்டியது தனிப் பட்டியல். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டோம். ஹெட்மிஸ்ட்ரஸ் முகம் சுளித்தார்தான்! வீட்டிலும், "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்?" என்றார் மாமியார். பதில் சொல்லாமல் செருப்பை மாட்டினேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவை நீங்கள் மறக்கவே கூடாது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அங்கே பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்தோம். அதன் பிறகுதான் வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் நாள் குறித்து வர ஆரம்பித்தார். பாவம், அவருக்கும் பல பள்ளிகள். தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. அந்தப் பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

பள்ளியில் நடக்கவில்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறார். அங்கும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். தனியாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று தாய்மார் சேர்ந்து போனால் நாற்காலி போட்டுப் பேசுகிறார்கள். பழைய மனுவின் நகல் கையில் இருக்கட்டும்.

என் பெண் இப்போது ஐந்தாம் வகுப்பு. முன் வரிசை. வாய்ப்பாடு பதினாறு வரை நிறுத்தி நிறுத்திச் சொல்கிறாள். டீச்சரும் காத்திருந்து கேட்கிறார். கழிப்பறைக் கம்பிதான் இன்னும் வரவில்லை. அதற்கு மூன்றாவது மனு போன வாரம் கொடுத்தாயிற்று.