டிராக்டர் விவரப் பட்டியலில் உள்ள குறியீடுகள்: எண்ணை மட்டும் படித்தால் போதாது

புதிய டிராக்டர் வாங்கும் உழவருக்குச் சாவியுடன் ஒரு கையேடும் தரப்படுகிறது. அதன் கடைசிப் பக்கங்களில் தொழிற்சாலை விவரப் பட்டியல் இருக்கும். "8+2", "540 இ", "13.6-28, 12 பி.ஆர்.", "15டபிள்யூ-40, சி.ஐ-4" என்று எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து கிடப்பதால், பலர் அதைப் பிரித்துப் பார்க்காமலேயே பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். பின்னர் எண்ணெய் மாற்றும்போதும் டயர் வாங்கும்போதும் கடைக்காரர் சொல்வதே முடிவாகிறது. பல லட்சம் ரூபாய் கடனில் வாங்கிய இயந்திரம் தவணை முடியும் முன்பே பெரிய பழுதுக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்குறியீடுகளைப் புரிந்துகொள்ள இயந்திரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரே விதியை மனதில் கொண்டால் போதும். எண் அளவைச் சொல்லும். அதை ஒட்டியுள்ள எழுத்து, அது எதனுடைய அளவு என்பதைச் சொல்லும். எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் படித்தால் பெரும்பாலும் தவறாகவே முடியும்.

குதிரைத்திறன் இரண்டு

"45 எச்.பி." என்று விளம்பரத்தில் காண்பது என்ஜினின் குதிரைத்திறன். ரொட்டவேட்டர், கதிரடிக்கும் இயந்திரம் போன்றவற்றைச் சுழற்றுவது டிராக்டரின் பின்புறமுள்ள பி.டி.ஓ. தண்டு. அங்கு வந்து சேரும் திறன் பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம் குறைவாக இருக்கும். அதாவது 45 குதிரைத்திறன் என்ஜினில் சுமார் 38 முதல் 40 வரைதான் பி.டி.ஓ.வில் கிடைக்கும். கருவி விற்பவர் "40 எச்.பி. வேண்டும்" என்றால், என்ஜின் திறனா, பி.டி.ஓ. திறனா என்று கேட்டுத் தெளிய வேண்டும். பட்டியலில் கிலோவாட் என்று இருந்தால் 1.34 ஆல் பெருக்கினால் குதிரைத்திறன் கிடைக்கும்.

மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற இடத்தில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. பி.டி.ஓ. திறன், டீசல் செலவு ஆகியவை அதில் இருக்கும். வாங்குமுன் விற்பனையாளரிடம் அதைக் கேட்டுப் பார்ப்பது நலம்.

540-ம் 540 இ-யும்

"540 @ 1,700" என்றால், என்ஜின் நிமிடத்திற்கு 1,700 சுற்று சுற்றும்போது பி.டி.ஓ. தண்டு 540 சுற்று சுற்றும் என்று பொருள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று என்ஜினை 1,900-க்கு ஏற்றினால் தண்டு 600-ஐத் தாண்டிவிடும். 540-க்கென்று செய்யப்பட்ட கருவியின் பேரிங்கும் கியரும் இதனால் விரைவில் கெடும். "540 இ" என்பதில் உள்ள 'இ' சிக்கனத்தைக் குறிக்கிறது. என்ஜின் மெதுவாக ஓடும்போதே தண்டு 540 சுற்றைப் பெறும். மருந்து தெளித்தல் போன்ற இலேசான வேலைக்கு இதைப் பயன்படுத்தினால் டீசல் மிச்சமாகும். ரொட்டவேட்டர் போன்ற பளுவான வேலைக்குச் சாதாரண 540-ஐயே போட வேண்டும்.

எண்ணெய் டப்பாவில் உள்ள எழுத்துகள்

என்ஜின் எண்ணெயில் "15டபிள்யூ-40" என்பது எண்ணெயின் கெட்டித்தன்மை. 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். 15 என்பது குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், 40 என்பது 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டுகின்றன. அதன் கீழே உள்ள "சி.எப்-4", "சி.எச்-4", "சி.ஐ-4" என்பவை எண்ணெயின் தரம். முதல் எழுத்து 'சி' என்றால் டீசல் என்ஜினுக்கு உரியது. 'எஸ்' என்றால் பெட்ரோல் என்ஜினுக்கு உரியது. இரண்டும் அச்சிட்ட டப்பாவில், நமக்கு வேண்டிய 'சி' தரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சி.எப்-4 கேட்கும் என்ஜினில் அதற்குப் பின் வந்த சி.ஐ-4 ஊற்றலாம். சி.ஐ-4 கேட்கும் என்ஜினில் சி.எப்-4 ஊற்றக் கூடாது.

கியர் எண்ணெயின் 90 என்ற எண்ணைப் பார்த்து, அது என்ஜின் எண்ணெய் 40-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று பலரும் எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. கியர் எண்ணெய் 90-ம், என்ஜின் எண்ணெய் 40 அல்லது 50-ம் ஏறத்தாழ ஒரே கெட்டித்தன்மை உடையவை. ஆனால் கலந்துள்ள மருந்துகள் வேறானவை. எனவே ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றக் கூடாது.

பிரேக்கும் குளிக்கும் எண்ணெய்

மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். இப்போதைய டிராக்டர்கள் பலவற்றில் எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ளது. கியர், ஹைட்ராலிக், பிரேக் மூன்றும் பெரும்பாலும் ஒரே எண்ணெயில் இயங்கும். இதற்கென உள்ள எண்ணெயைப் பட்டியலில் "யு.டி.டி.ஓ." என்றோ நிறுவனத்தின் தனிக் குறியீட்டாலோ குறித்திருப்பார்கள். விலை குறைவு என்று சாதாரண 90 கியர் எண்ணெயை ஊற்றினால், கியர் ஓடும், லிப்டும் தூக்கும். பழுது உடனே தெரியாது. ஆனால் பிரேக் தகடுகள் வழுக்கத் தொடங்கும்; மிதிக்கும்போது கிறீச்சிடும். கரும்பு ஏற்றிய டிரெய்லருடன் வாய்க்கால் பாலத்துச் சரிவில் இறங்கும்போதுதான் அதன் விளைவு தெரியும். பீப்பாய் விலையில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்கு ஓட்டுபவரின் உயிரைப் பணயம் வைக்கலாகாது.

டயரின் பக்கவாட்டில்

"13.6-28" என்பதில் 13.6 டயரின் அகலம், 28 வட்டின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். இடையில் சிறு கோடு இருந்தால் சாதாரண நூல் டயர்; 'ஆர்' இருந்தால் ரேடியல். "340/85 ஆர் 28" என்று இருந்தால், அகலம் 340 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 85 சதவீதம். இது ஏறத்தாழ 13.6-28 அளவிற்குச் சமம்.

"12 பி.ஆர்." என்றால் உள்ளே 12 அடுக்கு நூல் இருக்கிறது என்பதல்ல; அந்த வலிமைக்கு ஈடானது என்பதே பொருள். "121 ஏ6" என்று இருந்தால், ஒரு டயர் 1,450 கிலோ சுமையை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். 121 என்பது கிலோ அல்ல. அது சுமை அட்டவணையின் எண்.

"ஆர்-1" பொதுவான உழவுக்கான பட்டை. "ஆர்-2" நெல், கரும்பு விளையும் சேற்று நிலத்திற்கான ஆழமான பட்டை. இங்கு 'ஆர்' ரேடியலைக் குறிப்பதல்ல, பின்சக்கரத்தைக் குறிப்பது. ஆண்டின் பெரும்பகுதி தார்ச் சாலையில் டிரெய்லர் இழுப்பவர் ஆர்-2 வாங்கினால் பட்டை விரைவில் தேய்ந்துவிடும்.

பல டயர்களில் "3524" போன்ற நான்கு இலக்க எண் காணப்படும். 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். நெடுநாள் கிடங்கில் கிடந்த டயரை இதைக் கொண்டு கண்டுகொள்ளலாம். நான்கு சக்கர இழுவை டிராக்டரில் முன், பின் டயர் அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு அமைக்கப்பட்டவை. ஒரு ஜோடியை மட்டும் வேறு அளவுக்கு மாற்றினால் கியர்களில் இறுக்கம் ஏற்பட்டுத் தேய்மானம் மிகும்.

பழைய டிராக்டர் வாங்குவோருக்கு

சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் தகட்டிலும் இரும்பிலும் பொறிக்கப்பட்டிருக்கும். இரும்பில் பொறித்துள்ளதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஆர்.சி. புத்தகத்துடன் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். 17 இடங்கள் கொண்ட சேசிஸ் எண்ணில் 1, 0 ஆகியவற்றுடன் குழம்பாமலிருக்க ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வரமாட்டா. எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, புத்தகத்துடன் பொருந்தாவிட்டாலோ முன்பணம் தரவேண்டாம். ஆர்.சி.யில் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் கடன் பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-ம் தடையின்மைச் சான்றும் கைக்கு வந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

எழுதி வைக்க வேண்டியவை

ஒரு சிறிய நோட்டில் கீழ்க்கண்டவற்றைக் கையேட்டிலிருந்து எழுத்து மாறாமல் எழுதி, டிராக்டர் பெட்டியில் வைக்கவும்.

1. சேசிஸ் எண், என்ஜின் எண்.
2. என்ஜின் எண்ணெயின் கெட்டித்தன்மை, தரம், லிட்டர் அளவு.
3. கியர், ஹைட்ராலிக், பிரேக் எண்ணெயின் முழுக் குறியீடு, லிட்டர் அளவு.
4. முன், பின் டயர்களின் அளவு, பி.ஆர்., காற்றழுத்தம்.
5. பி.டி.ஓ. 540 சுற்றுக்கான என்ஜின் வேகம்.
6. பாட்டரியின் வோல்ட், ஆம்பியர்-மணி. "12 வோல்ட், 88 ஏ.எச்." என்றால் 4.4 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் கொள்ளளவு. இதைவிடக் குறைந்ததைப் பொருத்தக் கூடாது.

கடைக்குச் செல்லும்போது "90 எண்ணெய் கொடுங்கள்" என்று கேளாமல், நோட்டைக் காட்டி, டப்பாவில் அதே குறியீடு முழுவதும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கண் பார்வை குறைந்தவர்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று படிக்கச் சொல்லலாம். கையேடு தொலைந்திருந்தால், டிராக்டரின் மாடல் பெயரையும் சேசிஸ் எண்ணையும் சொல்லி விற்பனையாளரிடம் வேறு பிரதி கேட்டுப் பெறலாம்.