வெறிநாய்க் கடி

நாய் நன்றியுள்ள விலங்கு. ஆயினும், வெறி பிடித்த நாயின் உமிழ்நீரில் கண்ணுக்குப் புலனாகாத நச்சுயிர் உறைகின்றது. கடித்த புண்ணின் வழியே உடலினுள் புகும் அது, நரம்பைப் பற்றி மெல்ல ஊர்ந்து மூளையை அடைகின்றது. நோய்க்குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது.

அந்நச்சுயிர் மெல்லச் செல்வதே மாந்தர்க்கு வாய்த்த நற்பேறாகும். அது மூளையை எட்டுமுன்னரே தடுப்பூசியால் உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கிவிடலாம். 1885-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், வெறிநாயால் கடியுண்ட 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தாம் ஆய்ந்து கண்ட தடுப்பு மருந்தைச் செலுத்துவித்தார், சிறுவன் பிழைத்தான். 1907-இல் அவர் பெயரால் குன்னூரில் ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது.

நாய் கடித்தவுடன் புண்ணைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். நாய்களுக்குத் தடுப்பூசி இடுவித்தல் ஊரார் அனைவர்க்கும் காவலாம்.