மரத்தில் எழுதிய பத்திரம்

கனடாவின் மேற்குக் கரையிலும் அலாஸ்காவின் தென்கிழக்கிலும், கடலைப் பார்த்தபடி ஊர் முகப்பில் நிற்பவை டோட்டம் கம்பங்கள். இவற்றைச் சிலை வழிபாடு என்று நினைத்த பாதிரிமார் உண்டு. ஹைடா, டிலிங்கிட், நிஸ்கா மக்களோ இவற்றைக் கும்பிடுவதில்லை. ஒரு குடும்பம் எந்த வழியில் வந்தது, எந்தக் குலச்சின்னத்துக்கு உரிமையுள்ளது என்று ஊரறியச் சொல்லும் பத்திரம் இது.

அதைப் படிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். அலகு நேராக இருந்தால் அண்டங்காக்கை. நுனி வளைந்திருந்தால் கழுகு. முன்பல் இரண்டும் பெரிதாக, வாலில் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்திருந்தால் பீவர். முகம் மனிதனா விலங்கா என்று குழம்பினால் காதைப் பாருங்கள்: உச்சந்தலையில் இருந்தால் பெரும்பாலும் விலங்குதான்.

மரம் செங்கேதுரு. பைபிளில் வரும் லீபனோன் கேதுருவுக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே உறவு. இது சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இழை நேராக ஓடும், வாய்ச்சிக்கு இணங்கும். பூஞ்சையைத் தடுக்கும் இயற்கை வேதிப்பொருள்கள் உள்ளே இருப்பதால், ஓயாமல் மழை கொட்டும் அந்தக் கரையிலும் பல பத்தாண்டுகள் தாங்கும். பெரிய கம்பங்களின் முதுகைக் குடைந்துவிடுவார்கள். எடை குறையும், காயும்போது வெடிப்பதும் குறையும்.

வண்ணம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கறுப்புக்குக் கரி, சிவப்புக்குக் காவிக்கல், நீலப்பச்சைக்குத் தாதுமண். பொடி மரத்தில் ஒட்ட வேண்டுமே? சால்மன் மீன் முட்டையைக் கேதுருப் பட்டையோடு வாயில் போட்டு மென்று, துப்பிய சாற்றில் குழைத்தார்கள். கடையில் வண்ணம் கிடைக்கத் தொடங்கியபின் இந்த மெல்லும் வேலை குறைந்துபோனது.

பத்திரம் என்றால் பதிவும் சாட்சியும் வேண்டாமா? கம்பம் நடும்போது பாட்லாட்ச் என்ற விருந்து நடக்கும். வந்தவர்கள் வெறும் விருந்தாளிகள் அல்ல, சாட்சிகள். அதற்கான ஈடாகவே பரிசு பெற்றுப் போவார்கள். 1885 முதல் 1951 வரை கனடா இந்த விருந்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்த ஆண்டுகளில் கம்பங்கள் பல அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

1929-இல் மட்டும் இரண்டு. நிஸ்கா மக்களின் கம்பம் ஒன்று ஸ்காட்லாந்துக்குப் போய் 2023-இல் திரும்பியது. 1872-இல் செதுக்கிய, ஹைஸ்லா மக்களின் கம்பம் சுவீடனுக்குப் போய் 2006-இல் வீடு வந்தது. வெறுங்கையோடு கேட்கவில்லை ஹைஸ்லா சிற்பிகள். அதே கம்பத்தைப் புதுமரத்தில் செதுக்கிக் கொடுத்தார்கள். ஸ்டாக்ஹோமில் இப்போது இருப்பது அந்தப் புதுக் கம்பம்.