இரண்டே காலே அரைக்கால்

பழைய எகிப்தியர் பெருக்கல் வாய்பாடு இல்லாமலே பெருக்கினார்கள் என்றதும், அதை அறியாமை என்று ஒதுக்கிவிடுகிறோம். அது பெரிய அநியாயம். கொச்சியின் மட்டாஞ்சேரிக் கிடங்கு ஒன்றில் 57 கிலோ மிளகு மூட்டை 13 இருப்பதாக வைத்துக்கொள்வோம். எகிப்திய எழுத்தர் 57-ஐ இரட்டித்துக்கொண்டே போவார்: ஒன்றுக்கு 57, இரண்டுக்கு 114, நாலுக்கு 228, எட்டுக்கு 456. பதின்மூன்று என்பது எட்டும் நாலும் ஒன்றும். அந்த மூன்று வரிகளை மட்டும் கூட்டினால் 741. எந்த முழு எண்ணையும் 1, 2, 4, 8 என்ற வரிசையிலிருந்து பொறுக்கிச் சேர்த்துவிடலாம் என்ற உறுதியில்தான் இந்த வழி நிற்கிறது. இன்றைய கணினிக்கும் அதுவே அடிப்படை.

வகுத்தலில்தான் நமக்கு நெருக்கமான சங்கதி இருக்கிறது. கி.மு. 1550 வாக்கில் ஆமோஸ் என்ற எழுத்தர் படியெடுத்த ரைண்ட் பாப்பிரஸ் சுருள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் 24ஆம் கணக்கில் 19-ஐ 8-ஆல் வகுக்க வேண்டி வருகிறது. எட்டின் இரட்டிப்பு 16, பாதி 4, கால் 2, அரைக்கால் 1. இவற்றில் 16, 2, 1 சேர்ந்தால் 19. ஆகவே விடை இரண்டே காலே அரைக்கால். எண்சுவடி படித்த நம் முன்னோரும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அரை, கால், அரைக்கால், வீசம் என்று ஒரு சரம் பாதி பாதியாக இறங்குகிறது. ஐந்தில் ஒன்றான நாலுமாவில் தொடங்கும் மற்றொரு சரம் இருமா, மா, அரைமா, காணி, அரைக்காணி வழியாக 1/320 ஆகிய முந்திரியில் வந்து நிற்கிறது. மலையாளத்துப் பழைய கணக்கிலும் மா, காணி உண்டு. எகிப்தின் தானிய அளவான ஹெக்கட்டோ பாதி பாதியாக 1/64 வரை இறங்கியது. அதன் மிகச் சிறிய அலகான 'ரோ', ஹெக்கட்டில் சரியாக 1/320.

அப்படியானால் நம் 320 கடல்வழி வந்த இரவலா? கொச்சிக்கு வடக்கே இருந்த முசிறித் துறைமுகத்துக்கும் எகிப்துக்கும் வணிகம் நடந்தது உண்மை. வியன்னாவில் இருக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டு முசிறிப் பாப்பிரஸ், ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்கைப் பணக் கணக்காகவே தருகிறது. ஆனால் அது கிரேக்கத்தில், தாலந்தும் திராக்மாவுமாக எழுதப்பட்டது. ரோவுக்கு அதில் இடமில்லை. என் முடிவு: இரவலுக்கு இங்கே அவசியமே இல்லை. பத்து பத்தாக எண்ணிக்கொண்டு பாத்திரத்தால் பாதி பாதியாக அளக்கும் எவரும் ஐந்தையும் 64-ஐயும் பெருக்கி 320-க்கு வந்து சேரலாம். நாழியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு என்று அளந்தவர்கள்தான் நம் முன்னோர்.

ஏழில் இரண்டு வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எகிப்தியர் 2/7-ஐக் காலும் 1/28-ம் என்று துல்லியமாகப் பிரித்தார்கள். அதற்கென்றே 2/101 வரை பட்டியல் வைத்திருந்தார்கள். நம் சரம் ஏழுக்குச் சரியாகப் பிடிகொடுக்காது. முந்திரிக்கும் கீழே கீழ்முந்திரி வரை இறங்கினாலும் நெருங்கத்தான் முடியும். தசமம் இதைவிட எளிது என்பதையும் மறுக்கவில்லை. ஆனாலும் 19 ரொட்டியை எட்டுப் பேருக்குப் பங்கிட 2.375 என்ற எண் கத்தியை எங்கே வைப்பது என்று சொல்லாது. இரண்டே காலே அரைக்கால் சொல்லும்: ஆளுக்கு இரண்டு முழு ரொட்டி, மிச்சமுள்ள மூன்றில் இரண்டை நாலு நாலாகவும், கடைசி ஒன்றை எட்டாகவும் வெட்ட வேண்டும்.