டாமுக்கு ஏன் ஆறு கை?

வாசகி ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார். அவருடைய மகன் டாம் அண்ட் ஜெர்ரியை ஓடவிட்டு ஓடவிட்டு நிறுத்துகிறானாம். ஓரிடத்தில் டாமுக்கு ஆறு கை இருந்ததாம். “வரைந்தவர் தூங்கிவிட்டாரா, இல்லை குழந்தைகள்தானே பார்க்கப்போகிறார்கள் என்ற அலட்சியமா?” என்று கேட்கிறார்.

தூங்கவில்லை அம்மா. மற்ற படங்களைவிட அந்த ஆறு கைக்குத்தான் அவர் அதிகம் யோசித்திருப்பார்.

போன மாதம் என் காசோலை ஒன்று, கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. முப்பது வருடமாக நான் போடும் கையெழுத்துதான், பேனாகூட மாறவில்லை. என் பெயரையே ஒரே மாதிரி எழுத வராத எனக்கு, கார்ட்டூன் வரைபவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கும். திரையில் வினாடிக்கு 24 சட்டகம் ஓடுகிறது. ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு வைத்துச் சமாளித்தாலும் வினாடிக்கு 12 படம் வேண்டும். கையால் வரைந்த காலத்தில், ஏழு நிமிடக் கதைக்குச் சுமார் 5,000 பூனைகள். அத்தனையும் ஒரே ஆள் வரைவதும் இல்லை.

அதனால் எல்லோர் மேசையிலும் மாடல் ஷீட் என்று ஒரு தாள் இருக்கும். பாத்திரம் முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, முதுகிலிருந்து எப்படித் தெரியும், சிரித்தால் எப்படி, அழுதால் எப்படி, மொத்த உயரம் எத்தனை தலை என்று அதில் வரைந்திருக்கும். முகத்தின் நீளத்தைத் தாளம் என்று வைத்துக்கொண்டு நவதாளம், தசதாளம் என்று நம் ஸ்தபதிகள் அளப்பதும் இந்தப் புத்திதான். டிஸ்னி நிறுவனம் 1930-களில் இதற்கென்றே ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தது.

இவ்வளவு இருந்தும், உற்றுப் பார்த்தால் கை காட்டிக்கொடுத்துவிடும். கென்னத் மியூஸ் வரைந்த காட்சிகளில் டாம் வழுவழுவென்று, அடக்கமாக இருப்பான். இர்வன் ஸ்பென்ஸ் கைக்குப் போனால் அதே டாமுக்குப் பல்லெல்லாம் வெளியே வந்துவிடும், கைகால் நாலு பக்கமும் பறக்கும். சீரியலில் ஆள் மாறினால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று போடுகிறார்கள். இங்கே ஒரே கதைக்குள் பலமுறை கை மாறுகிறது, நமக்குத் தெரிவதே இல்லை. ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, காலத்துக்குக் காலமும் டாம் மாறியிருக்கிறான். 1940-இல் வந்த முதல் படத்தில் அந்தப் பூனைக்குப் பெயர்கூட டாம் இல்லை, ஜாஸ்பர். உடம்பெல்லாம் மயிர்க்கற்றை வேறு. ஒவ்வொரு கற்றையையும் ஆயிரக்கணக்கில் வரையவேண்டும் என்றால் யாருக்குத்தான் கட்டுபடியாகும்? வருடம் ஆக ஆக டாம் மழமழவென்று ஆகிவிட்டான்.

ஆறு கைக்கு வருகிறேன். எங்கள் தெருமுனை டீக்கடை மாஸ்டர் டீ ஆற்றுவதை ஒருநாள் போனில் படம் எடுத்தேன். மேல் குவளைக்கும் கீழ்க் குவளைக்கும் நடுவே பழுப்பாக ஒரு ரிப்பன். அவர் கை இருக்கவேண்டிய இடத்தில் மூன்று கை கலங்கலாகத் தெரிந்தது. கேமராவின் கண் திறந்திருக்கும் நேரத்துக்குள் கை நகர்ந்துவிட்டால் இப்படித்தான் இழுபடும். வரைந்த படத்தில் இந்த இழுவை தானாக வராது. ஒவ்வொரு படமும் தெளிவாக நின்றால், வேகமான அசைவு வெட்டி வெட்டித் தெரியும். அதனால் அந்த இழுவையையும் ஓவியரே வரைந்துவிடுகிறார். ஒரு முகத்தை இரண்டு முழ நீளத்துக்கு இழுப்பார், அல்லது ஒரு கையை ஆறாக்குவார். தொழிலில் இதற்கு ஸ்மியர் என்று பெயர். இதைக் கூச்சமே இல்லாமல் செய்து காட்டியது சக் ஜோன்ஸ் இயக்கி 1942-இல் வந்த ‘தி டோவர் பாய்ஸ்’ என்ற கார்ட்டூன். அதில் ஆட்கள் ஒரு நிலையில் நிற்பார்கள். அடுத்த நொடி இன்னொரு நிலையில் நிற்பார்கள். இடையில் ஜவ்வுமிட்டாய் போல இழுபட்ட ஓர் உருவம் வந்து போகும். ஓடும்போது அது கண்ணுக்குத் தெரியாது, வேகம் மட்டும் தெரியும். மாடல் ஷீட்டை அந்த ஒரு படத்தில் மீறியதால்தான் ஓட்டத்தில் டாம் டாமாகவே இருக்கிறான்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், இப்போது நிறுத்திப் பார்ப்பதே கேலிக்காக என்றாகிவிட்டது. நருட்டோ ஷிப்புடென் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரில், 2010-இல் வந்த 167-ஆம் அத்தியாயத்தில், சண்டையின் நடுவே முகங்களை வேண்டுமென்றே வளைத்து நெளித்து வரைந்திருந்தார்கள். அந்தச் சட்டகங்களை மட்டும் வெட்டி எடுத்து, வரையத் தெரியாதவர்கள் என்று உலகமே சிரித்தது. ஜப்பானில் முக்கிய நிலைகளுக்கு நடுவே வரும் இடைப்படங்களை வரையும் இளைஞர்களுக்குப் பெரும்பாலும் படத்துக்கு இவ்வளவு என்று எண்ணித்தான் கூலி, அதுவும் சொற்பம். அவர்கள் பெயர் கடைசியில் ஓடும்போது நாம் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிடுகிறோம்.

ஆகவே அம்மா, பையனிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்காதீர்கள். அந்த ஆறு கை வருகிற இடத்துக்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் படத்தில் அது மறுபடி இரண்டு கையாகிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதட்டும்.