எந்தப் பக்கம் வெட்டுவது?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றதும் இப்போது பலரும் முதலில் கேட்பது, “முன்பக்கமாகச் செய்வார்களா, பின்பக்கமாகவா?” என்றுதான். நீலகிரியின் ஜெகதளாவிலிருந்தோ அருவங்காட்டிலிருந்தோ மலையிறங்கிக் கோவைக்குப் போகும் நோயாளிக்கும் இந்தக் கேள்வி வந்து சேர்ந்துவிட்டது. தசையை வெட்டாத முறை, மறுநாளே நடக்கலாம் என்றெல்லாம் விளம்பரங்கள் சொல்கின்றன. அவை பொய்யல்ல. ஆனால் வெட்டும் வழி பெரும்பாலும் தீர்மானிப்பது முதல் சில வாரங்களைத்தான். அதற்குப் பின் வரும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளைத் தீர்மானிப்பவை வேறு: உள்ளே வைக்கும் பொருள், அதை வைக்கும் கோணம், அதை ஏற்கும் எலும்பும் ரத்தமும். கேள்விகளை இந்த வரிசையில் கேட்பதே நல்லது.

தொடை எலும்பின் உச்சியில் ஓர் உருண்டை, இடுப்பெலும்பில் அதை ஏந்தும் குழி. ஆட்டுக்கல்லும் குழவியும் போன்ற இந்த அமைப்பில் இரண்டு பரப்பையும் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது தேய்ந்தாலோ, அடியிலுள்ள எலும்பு ரத்த ஓட்டமின்றி மடிந்து நொறுங்கினாலோ, ஒவ்வோர் அடியும் வலியாகிறது. அறுவையில் உருண்டையைக் கழுத்தோடு அறுத்தெடுத்து, குழியைக் கடைந்து அதில் உலோகக் கிண்ணத்தைப் பொருத்தி, உள்ளே பாலிஎதிலீன் உறை வைக்கிறார்கள். தொடை எலும்பின் நடுக்குழலில் உலோகத் தண்டை இறக்கி, அதன் தலையில் உலோகத்தாலோ செராமிக்காலோ ஆன புதிய உருண்டையை மாட்டுகிறார்கள். இந்த இடத்தை அடைய மூன்று வழிகள் அதிகம் பயன்படுகின்றன. பின்வழியில் பிட்டத் தசையை நார்போக்கில் விலக்கி, தொடையை வெளிப்புறம் திருப்பும் சிறு தசைகளைக் கழற்றி, முடிவில் திரும்பத் தைக்கிறார்கள். மூட்டு நன்றாகத் தெரியும்; ஆனால் உருண்டை பின்னால் நழுவும் அபாயம் சற்றுக் கூடுதல். பக்கவழியில் அந்த அபாயம் குறைவு, ஆனால் இடுப்பைத் தாங்கும் தசையின் ஒரு பகுதியைப் பிரிப்பதால் சிலருக்குச் சாய்ந்த நடை தங்கிவிடுகிறது. முன்வழியில் இரண்டு தசைகளுக்கு இடையிலான சந்தில் நுழைகிறார்கள். தசை பெரும்பாலும் தப்பிக்கிறது. பதிலுக்குத் தொடை எலும்பை எட்டுவது கடினமாகிறது, தொடையின் மேற்பரப்பில் மரத்துப்போகும் உணர்வும் வரலாம். ஒப்பிட்ட ஆய்வுகளில் முன்வழிக்காரர்கள் தொடக்க வாரங்களில் சற்று முந்துகிறார்கள். ஓராண்டில் பெரும்பாலோர் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

மூட்டு எத்தனை காலம் நிலைக்கும் என்பதைப் பொருள்தான் முடிவு செய்கிறது என்பதற்கு இந்த சிகிச்சையின் பிறப்பே சாட்சி. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1950களின் கடைசியில் டெஃப்லான் கிண்ணங்களை வைத்துப் பார்த்தார். நோயாளிகள் வலியின்றி நடந்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தன. நூற்றுக்கணக்கான மூட்டுகள் பாழாயின. அந்தப் பொருளைத் தன் தொடைக்குள்ளேயே வைத்துச் சோதித்த மனிதர் அவர். 1962இல், நெசவு இயந்திரங்களுக்குப் பல்சக்கரம் விற்க வந்த ஒருவர் உயர் அடர்த்திப் பாலிஎதிலீனைக் காட்டினார். சார்ன்லி அதைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன், சார்ன்லி வெளியூரில் இருந்தபோது, அதைத் தேய்ப்பு இயந்திரத்தில் பூட்டி ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது மூன்று வாரத்தில் தேயவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் தொடங்கிய அறுவைதான் இன்றைய முறையின் தாய். வெட்டிய கை மாறவில்லை, வழி மாறவில்லை, பிளாஸ்டிக் மாறியது. 2019இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, இடுப்பு மாற்று மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. கதிர்வீச்சால் இறுக்கப்பட்ட இன்றைய பாலிஎதிலீன் பழைய பாலிஎதிலீனைவிடக் குறைவாகவே தேய்கிறது.

நீலகிரியில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. அரிவாள் செல் நோய் இந்தியாவில் இருப்பதை லேமன், கட்புஷ் ஆகிய ஆய்வாளர்கள் 1952இல் முதன்முதலில் பதிவு செய்தது இந்த மலைப் பழங்குடி மக்களிடையேதான். அதே ஆண்டு அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் அது கண்டறியப்பட்டது. அரிவாள் போல் வளையும் சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கும்போது முதலில் மடியும் எலும்புகளில் ஒன்று தொடை உருண்டை. ஆகவே இங்கே மாற்று மூட்டு தேவைப்படுபவர் எழுபது வயதுப் பாட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இருபத்தைந்து வயது இளைஞராகவும் இருக்கலாம். அவருக்கு எந்தப் பக்கம் வெட்டினாலும், அறுவைக்கு முன் ரத்தம் ஏற்றி ஹீமோகுளோபினைச் சீராக்கினார்களா, உடல் குளிராமலும் நீர்ச்சத்தும் ஆக்சிஜனும் குறையாமலும் பார்த்துக்கொண்டார்களா என்பதே உயிரைக் காக்கும் விஷயம். இந்த நோயால் இறுகி அடைபட்ட எலும்புக் குழலில் தண்டை இறக்கும்போது எலும்பு விரிசல் விடலாம்; தொற்றும் எளிதில் வரும். 25 வயதில் வைத்த மூட்டுக்கு மறு அறுவை ஏறக்குறைய நிச்சயம் என்பதால் பொருளின் தேர்வு இன்னும் கனமாகிறது.

ஆனால் கொழுந்து பறிக்கப் போகிற ஒருவருக்கு அந்த முதல் சில வாரங்கள்தானே கூலி, அதை அற்பமாக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாசலுக்கும் சாலைக்கும் நடுவே செங்குத்துப் படிகள் உள்ள வீட்டில் இரண்டு வாரம் முன்னதாக ஊன்றுகோலை விடுவது பெரிய விஷயம்தான். ஆயினும் அந்த ஆதாயம், முன்வழியில் நன்கு பழகிய கைக்கு மட்டுமே வாய்க்கிறது. புதிதாகக் கற்பவரின் முன்வழியைவிட, ஆண்டுக்கணக்காகப் பின்வழியில் செய்தவரின் கை மேல். காரணம் எளிது: கிண்ணத்தின் சாய்வு. 1978இல் லூயினெக் குழுவினர் சொன்ன வரையறை, சாய்வு 40 பாகை, முன்திருப்பம் 15 பாகை, இரண்டிலும் பத்துப் பாகை கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது. அந்த எல்லைக்குள் வைத்தாலும் சில மூட்டுகள் நழுவுகின்றன என்பது பிறகு தெரிந்தது உண்மை. என்றாலும் கோணம் தவறிய கிண்ணம் ஒருபக்கமாகத் தேயும். தரையில் குந்தும்போது நழுவும். சரிவில் நிற்பதும் குந்துவதும் தொழிலாக உள்ளவருக்கு இது தழும்பின் இடத்தைவிடப் பெரிது. ரோபோ உதவியுடன் செய்யும் அறுவை கோணத்தைத் துல்லியமாக்குகிறது என்பது சரி. அந்தத் துல்லியம் மூட்டின் ஆயுளை எவ்வளவு நீட்டும் என்று சொல்ல இன்னும் ஆண்டுகள் போக வேண்டும்.

புதிதென்றால் மேல் என்ற நம்பிக்கைக்கு ஏற்கெனவே விலை கொடுத்தாகிவிட்டது. உலோக உருண்டை உலோகக் கிண்ணத்தில் சுழலும் மூட்டுகள் தேயவே தேயாது என்று வந்தன. அவற்றிலிருந்து கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. ஜான்சன் அண்ட் ஜான்சனின் கிளையான டெப்யூ, அந்த வகையைச் சேர்ந்த தன் ஏ.எஸ்.ஆர். மூட்டை 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அது வைக்கப்பட்டிருந்தது; பின்னாளில் தேடியபோது பெரும்பாலானோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஒவ்வொரு மூட்டின் பெட்டியிலும் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அவற்றில் ஒன்றை ஒட்டித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டு கழித்து உறை தேய்ந்து வரும்போது, தண்டையும் கிண்ணத்தையும் அசைக்காமல் உறையையும் உருண்டையையும் மட்டும் மாற்ற முடியுமா என்பதை மறு அறுவை செய்யும் மருத்துவர் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் சொல்வார்.